இரண்டரை அடி

1
ஒரு சிறிய ஆற்றை, அது பிறக்கும் இடத்திலிருந்து பெரிய ஆற்றில் கலக்கும் இடம்வரை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனிதர்களே வேண்டாம் என்று இருந்தேன். முதல் வரி: 'பாறை இடுக்கில் விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து...'

(அந்தப் பாறையை நான் பார்த்ததே இல்லை. மலையேற மூட்டுவலி விடவில்லை. நாற்காலியிலிருந்தே எழுதினேன்.)

இந்த அடைப்புக்குறியைப் போட்டதும் ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அளவுக்காரர் கதைக்குள் வந்துவிட்டார். இனி துரத்த முடியாது.

2
ஆற்றின் நடுவழியில் ஒரு பாலம். அதன் தூணில் அடிக்கணக்கைக் காட்டும் அளவுக்கோடுகள். தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அளவுக்காரரின் வேலை. பாலத்தைக் கடக்கும் தண்ணீர் சங்கமத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

அன்று அவருக்கு முதுகுவலி. நேற்று இரண்டரை அடி, இன்று மட்டும் என்ன மாறிவிடப் போகிறது? கட்டிலில் படுத்தபடியே கூசாமல் 'இரண்டரை' என்று எழுதினார். சங்கமத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கும் அவர் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, இன்னைக்கு எவ்ளோ? குழாய் அடியில ஃபுட்வால்வு அடைச்சுக்கிச்சு. தண்ணிக்குள்ள இறங்கிக் கழட்டணும்."

"ரெண்டரைதான் மாப்ள. தைரியமா இறங்கு."

மலையில் இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் பாலத்தை... [இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கி விட்டுவிட்டேன்.]

3
'அவர் முனகிக்கொண்டே எழுந்து பாலத்துக்குப் போனார்' என்று திருத்திப் பார்த்தேன். நீர்மட்டம் ஆறு அடி. மச்சினன் கரையில் உட்கார்ந்து டீ குடித்தான். எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு நாள்கூடச் சோம்பாத மனிதர் யார்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டேன்.

4
சங்கமம். மறுநாள் பெரிய ஆற்றின் கரையில் மச்சினன் கிடைத்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, அளவுக்காரரின் மனைவி நோட்டை மடியில் விரித்துவைத்துக் கேட்டாள்.

"ரெண்டரைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படிங்க என் தம்பி போனான்? நீங்க போய்ப் பாத்துதானே எழுதுனீங்க?"

'பாத்தேன்' என்று ஒரு முடிவு எழுதினேன். ஆயுள் முழுக்க அவள் தம்பியையே திட்டினாள், அவசரக்குடுக்கை என்று. 'பாக்கல' என்று இன்னொன்று. அதில் அவள் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள், அதற்குப் பிறகு அவரிடம் பேசவே இல்லை. அளவுக்காரருக்கு இரண்டையும் தாங்க முடியவில்லை. என்னைப் பார்க்கிறார். பாறையையே பார்க்காதவன் நான், எந்த முகத்தோடு அவரை உண்மை சொல்லச் சொல்வது?

அவர் எதைச் சொல்லட்டும் என்று, படிக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் இன்னும் நோட்டை மூடவில்லை.