இணுவிலில் இல்லாத பக்கப்பாதை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம்.

இணுவில் ரயில் நிலையத்தில் புகையிலைச் சிப்பம் ஏற்றுவதற்கென்று ஒரு பக்கப்பாதை ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் என் வீட்டு விறாந்தையில், எட்டடிப் பலகை ஒன்றின் மேல், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் நான் கட்டிய இணுவில் நிலையத்தில் இருந்தது. ஐந்தடி நீளம். பக்கத்தில் ஒரு கிடங்கு, நாலு சிப்பம், ஒரு மாட்டுவண்டில். வண்டிலுக்கு மாடு இல்லை. (மாடு தபாலில் வந்தபோது மூன்று காலோடு வந்தது.)

அதன் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கிருபைரட்ணம் அண்ணையின் பதில் வந்தது: "இணுவிலில் இப்படி ஒரு பாதை எந்த ஆண்டு இருந்தது? ஆதாரத்துடன் அறியத் தரவும்."

என்னிடம் ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாகக் கதை ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிபவனுக்கு வேறு என்ன கைவசம் இருக்கிறது?

2

குழுவின் பெயர் 'குடாநாட்டுச் சிறுபாதை'. உறுப்பினர் மூன்று பேர்தான்.

கிருபைரட்ணம் அண்ணை சாவகச்சேரி. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய தமிழ் இன்னும் வேலைக்குப் போய் வருகிறது. நாங்கள் கூடிக் கதைத்தால் அதற்குக் கூட்டக் குறிப்பு எழுதுவார், இலக்கமிட்டு. அவர் கட்டுவது சாவகச்சேரி நிலையம்.

வசந்தினி குருநகர். மீன்பிடிப் படகுகளின் ஜீபிஎஸ் கருவி, ஆழம் பார்க்கிற கருவி எல்லாம் திருத்துகிறவள். கணவர் பிரகாஸ் கடலுக்குப் போகிறவர். அவள் கட்டுவது காங்கேசன்துறை. ஏன் என்று கேட்டதற்கு, கடல் இல்லாத பலகை தனக்கு வேண்டாம் என்றாள்.

மூன்றாவது ஆள் நான். சாவகச்சேரிக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் இணுவில் மட்டும்தானா, மற்ற ஊரெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். மூன்று பேருக்கு மூன்று ஊர்தான் கட்ட முடியும்.¹

ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் போடுவோம். மேடைக்குக் கல் ஒட்டியது, சைகைக் கம்பத்துக்கு விளக்குப் போட்டது, நடுவில் பியாட்றிஸ் அக்காவின் முழங்கால் நோ, பிரகாஸ் பிடித்து வந்த பாரை, எங்கள் வீட்டுக் கிணற்றில் விழுந்த பூனை. எது ரயில், எது வாழ்க்கை என்று பிரிக்க நாங்கள் ஒருபோதும் மினக்கெட்டதில்லை.

பியாட்றிஸ் அக்கா கிருபைரட்ணம் அண்ணையின் மனைவி. குழுவில் இல்லை. ஆனால் இந்தக் கதையின் நீதிபதி அவர்தான். ஏனென்றால் சாவகச்சேரி நிலையம் நிற்பது அவருடைய சாப்பாட்டு மேசை நின்ற இடத்தில். மேசையின் கால்களைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்து மூன்று நத்தார்ப் பண்டிகை போய்விட்டது. மூன்று நத்தாரும் குடும்பம் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டது.

நாலாவது நத்தார் நெருங்கியபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். மூன்று பலகையையும் ஒருநாள் பொருத்த வேண்டும். சாவகச்சேரியில் இருந்து காங்கேசன்துறை வரை, ஆருடைய கையும் படாமல், ஒரு ரயில் ஓட வேண்டும். ஓடினால் நிலையம் வீட்டில் இருக்கலாம். ஓடாவிட்டால் மேசை திரும்பி வரும், பலகை கோழிக்கூட்டுக்குப் போகும். அண்ணை இதை எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் இருந்தும் இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தாரே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

¹ ரயிலில் போகிறவர்கள் கோபிக்கலாம். எழுதுகிறவனும் இப்படித்தான், இடையில் உள்ள ஊர்களை விழுங்கிவிடுவான்.

3

தொடக்கம் ஒன்று:

*தண்டவாளங்கள் பிடுங்கப்பட்ட அந்த ஆண்டில் எங்கள் மண்ணின் முதுகெலும்பு*

இவ்வளவுதான் எழுதினேன். அதைக் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டது என் பிழை. வசந்தினி குரல்பதிவு அனுப்பினாள்:

"அண்ணை, றெயிலைப் பற்றி எழுதினால் அழவேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? எனக்கு உதைக் கட்டேக்கை சந்தோசமாக் கிடக்கு. அதை எழுதுங்கோவன்."

அவள் சொன்னது சரி. யுத்தத்தில் பிடுங்கியதைத் திரும்பப் போட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. உண்மையான ரயில் ஒவ்வொரு நாளும் ஊதிக்கொண்டு போகிறது. நாங்கள் கடவையில் நின்று, நேரம் போகிறதே என்று அதைத் திட்டுகிறோம்.

தொடக்கம் இரண்டு:

*காலை ஐந்து மணிக்குக் கிருபைரட்ணம் எழுந்து*

"நாலே முக்கால். திருத்தவும்" என்று பதில் வந்தது. அதையும் விட்டேன்.

4

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறது.

தங்கமுத்து. ஓய்வு பெற்ற எஞ்சின் சாரதி, வயது எண்பத்திரண்டு. நான் கூப்பிடாமலே கதைக்குள் வந்தவர். சின்ன ரயிலைப் பார்த்துக் கண்கலங்கி, எங்கள் மூன்று பேருக்கும் ஏதோ ஒரு பெரிய விசயத்தைச் சொல்லித் தருவதற்காகப் படலையில் நிற்கிறார். (என்ன விசயம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.) எழுதியதை இரண்டு தரம் கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்றாம் பகுதியில் பூந்தார், எடுத்து வெளியில் விட்டேன். இப்போது இங்கே நிற்கிறார்.

ஐயா, மன்னியுங்கோ. உங்களுக்கு இதில் வேலை இல்லை.

5

பொருத்துகிற நாள் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. இடம், அண்ணையின் தேவாலய மண்டபம். என் பலகை பட்டா என்கிற சின்ன லொறியில் வந்தது. வசந்தினியின் பலகை மீன் ஏற்றுகிற கூலர் வாகனத்தில் வந்தது. அதனால் அன்று காங்கேசன்துறையில் மீன் மணம் அசலாகவே இருந்தது.

மூன்று பலகையையும் வாங்குகளின் மேல் வரிசையாக வைத்தோம். முன் வாங்கில் பியாட்றிஸ் அக்கா கச்சான் கடலைப் பையோடு வந்து அமர்ந்தார். வசந்தினி தன்னுடைய நீல எஞ்சினை எடுத்துச் சாவகச்சேரியில் வைத்தாள்.

எஞ்சின் நிற்கவில்லை. ஒரு பக்கச் சில்லு தண்டவாளத்தில் ஏற, மறுபக்கச் சில்லு உள்ளே விழுந்து, வண்டி சரிந்து கிடந்தது. எடுத்து வைத்தாள். திரும்பவும் சரிந்தது.

அண்ணை தன் எஞ்சினைப் பெருமையோடு எடுத்து வைத்தார். அது சாவகச்சேரியில் நின்றது, அழகாக ஓடியது, இணுவில் வாசலில் வந்து தடம் புரண்டது.

அளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. உலகத்தில் பெட்டி பெட்டியாக விற்கிற மாதிரித் தண்டவாளம் வெளிநாட்டு அகலத்துக்குச் செய்தது. எங்கள் நாட்டுப் பாதை அகலம் கூடியது, ஐந்தரை அடி. அதை எண்பத்தேழால் பிரித்தால் கடைத் தண்டவாளத்தை விட மூன்று மில்லிமீற்றர் மட்டில் கூட வரும். அண்ணை அந்தக் கணக்குப்படி, சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றையும் கையால் வெட்டி, இரண்டு வருடமாகச் சரியான பாதை போட்டிருக்கிறார். எஞ்சினின் சில்லுகளையும் இழுத்து அகட்டியிருக்கிறார். நாங்கள் இருவரும் பெட்டியை உடைத்து ஒட்டியிருக்கிறோம். வட்ஸ்அப் படத்தில் மூன்று மில்லிமீற்றர் ஆருக்குத் தெரியும்?

அண்ணை போனில் பழைய கூட்டக் குறிப்பை எடுத்து நீட்டினார். நாலாம் இலக்கம்: 'தண்டவாளம் இலங்கை அகலத்தின்படி அமைதல் வேண்டும்.' அதற்குக் கீழே என்னுடைய பெருவிரலும் வசந்தினியின் பெருவிரலும் நிமிர்ந்து நின்றன. இருவரும் வாசிக்காமலே போட்ட பெருவிரல்.

"நான் சரியாத்தானே செய்தன்" என்றார் அண்ணை. யாருக்கும் சொல்லவில்லை, பலகையைப் பார்த்துச் சொன்னார். திரும்பவும் ஒருமுறை அதையே சொன்னார். பிறகு வாங்கில் இருந்துவிட்டார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. (உண்மையை எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். என்னிடம் ஆதாரம் கேட்ட மனிதர் தன் ஆதாரத்தாலேயே விழுந்தார் என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. ஒரு நிமிடம்தான்.)

பியாட்றிஸ் அக்கா கச்சான் கோதைக் கடதாசியில் போட்டுவிட்டு, அப்ப ஓடாதோ என்று கேட்டார்.

6

வசந்தினி மட்டும் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "இன்னும் ஒரு தண்டவாளம் வேணும். அவ்வளவுதான்" என்றாள்.

விளங்கப்படுத்தினாள். சாவகச்சேரியில் ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, மற்றதற்கு உட்பக்கமாக, கடை அகலத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினால், அண்ணையின் அகன்ற எஞ்சினும் ஓடும், எங்கள் ஒடுங்கிய எஞ்சினும் ஓடும். அண்ணை போட்டது ஒன்றையும் கழற்றத் தேவையில்லை.

எட்டடித் தண்டவாளம் வேண்டும். இதெல்லாம் கடலுக்கு அப்பால் இருந்து வருகிற சாமான், சொல்லிவிட்டால் மூன்று மாதம். ஆரிடமும் ஒரு துண்டு மிச்சம் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்கலாம். கதை என்னுடையது, ஆரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் மெல்ல நகர்ந்து, என் பக்கப்பாதையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தடிப் பாதை. இரண்டு தண்டவாளம், ஆகப் பத்தடி. எட்டு மாதம் இருந்து ஒட்டியது. பலகையில் அதுதான் முழுக்க என்னுடையது, மற்றதெல்லாம் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது.

வசந்தினியின் கண் என் இடுப்பைத் தாண்டி அங்கே போனது. அவள் வாய் திறக்கமுன் அண்ணை சொன்னார்:

"வேண்டாம் பிள்ளை. அது தம்பியின்ரை. அதைக் கேளாதை."

எந்த ஆண்டு இருந்தது என்று கேட்டவர். ஆதாரத்துடன் அறியத் தரவும் என்றவர். கோழிக்கூடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறபோது அது தம்பியின்ரை என்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கத்தியை எடுத்து நானே கிளப்பினேன். பசை நல்ல பசை, சரளைக் கல்லோடுதான் பெயர்ந்து வந்தது.

இரண்டு மணித்தியாலம் வசந்தினி ஈயம் வைத்தாள். அண்ணை அளவு பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்று விரலைச் சுட்டுக்கொண்டேன். மழை பிடித்து, கூரை ஒழுகி, ஒரு துளி சாவகச்சேரியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பியாட்றிஸ் அக்கா பலகைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"குடை பிடிக்கிறது வேறை, தீர்ப்பு வேறை" என்றார்.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கிறது.

(அ) எஞ்சின் இணுவிலைத் தாண்டி, காங்கேசன்துறை மேடைக்கு இரண்டு அங்குலம் முன்னால் நின்றுவிடுகிறது. அக்கா மௌனமாகக் குடையை மடக்குகிறார். (இதைத்தான் முதலில் எழுதினேன். தோல்வியில் முடித்தால் கதைக்குக் கனம் வரும் என்று ஒரு பழக்கம். வசந்தினி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "ஓடினதை ஏன் அண்ணை ஓடேல்லை எண்டு எழுதுறியள்?")

(ஆ) எஞ்சின் ஓடுகிறது. மண்டப வாசலில் முதியவர் ஒருவர் கண்கலங்கி நிற்

தங்கமுத்து ஐயா. வெளியில்.

(இ) ஓடியது.

நீல எஞ்சின், பின்னால் நாலு பெட்டி. மூன்றாவது தண்டவாளத்தில் புறப்பட்டபோது ஒருமுறை குலுங்கியது, அண்ணை கையை நீட்டிவிட்டு, நிபந்தனை ஞாபகம் வந்து, கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சாவகச்சேரி தாண்டியது. பொருத்தில் டக் என்று ஒரு சத்தம். இணுவிலில் என் மொட்டைக் கிடங்கைத் தாண்டியது. பொருத்தில் இன்னொரு டக். வசந்தினி பெயின்ற் அடித்த கடல் ஓரமாக வந்து, காங்கேசன்துறை மேடையில், பாதை முடிகிற தடுப்புக் கட்டைக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. ஆருடைய கையும் படவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கத்தினோம். தேவாலய மண்டபம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகு அண்ணையின் எஞ்சினையும் சாவகச்சேரியில் ஓட்டினோம், அதுவும் அதே பாதையில் குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது. ஏழு முறை காங்கேசன்துறைக்குப் போனோம். இவ்வளவு சந்தோசத்தை எழுதுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

பியாட்றிஸ் அக்கா குடையை உதறி மடக்கினார். அண்ணை எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதிலேயே மிச்சக் கச்சானைக் கொட்டி எங்களுக்கு நீட்டினார்.

"ஓடிப்போட்டுது எல்லோ. இந்த நத்தாரும் மடியிலை வைச்சுச் சாப்பிடுவம்."

8

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டக் குறிப்பு வந்தது. இந்த முறை ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

'இலக்கம் 9. இணுவில் நிலையத்தின் புகையிலைப் பக்கப்பாதையிலிருந்து எட்டு அடித் தண்டவாளம், மேற்படி நிலையத்தின் சம்மதத்துடன், சாவகச்சேரி நிலையத்துக்கு மாற்றப்பட்டது. மேற்படி பக்கப்பாதை அன்றுவரை பாவனையில் இருந்தது.'

அன்றுவரை பாவனையில் இருந்தது. கிருபைரட்ணம் அண்ணை கையெழுத்து, திகதியுடன்.

நான் அதைப் படம் பிடித்து, அவருடைய பழைய கேள்விக்குக் கீழேயே பதிலாகப் போட்டேன்: "ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது."

ஒரு பெருவிரல் வந்தது. அவர் எதையும் வாசிக்காமல் பெருவிரல் போடுகிறவர் அல்ல.

என் பலகையில் இப்போது ஐந்தடி நீளத்துக்குச் சரளை பெயர்ந்த தழும்பு கிடக்கிறது. மிஞ்சிய இரண்டடித் தண்டவாளம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கிடங்கு அப்படியே, சிப்பம் அப்படியே. மேடையில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் தங்கமுத்து ஐயா நிற்கிறார். நான்தான் வர்ணம் பூசி நிறுத்தினேன், அழாமல் நிற்பதென்ற ஒப்பந்தத்தோடு. அந்த இடத்தில் பாதையைத் திரும்பப் போடுவதா, புகையிலைத் தோட்டம் வைப்பதா, தழும்பை அப்படியே விடுவதா என்று நான் தீர்மானிக்கவில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள்.

வரும்போது ஒரு மாடு கொண்டு வாருங்கள். எண்பத்தேழில் ஒரு பங்கு. நாலு காலும் இருக்க வேண்டும்.