நாற்பத்திரண்டு அடி

வேலங்காட்டுப்பாளையத்துக்குச் சொந்த நூலகக் கட்டடம் வேண்டும் என்று முதல் மனுவை எழுதியது வெங்கடலட்சுமிதான். சோமனூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. பஸ் நிற்கிற இடத்தில் அவளுடைய எஸ்.டி.டி. பூத். இரண்டு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டதால், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவளுக்குக் கிடைத்த பூத். போன் பேச வந்தவர்கள், லைன் கிடைக்காமல் காத்திருந்தவர்கள், திருப்பூருக்குப் போன துணி சேர்ந்ததா என்று விசாரிக்க வந்த தறிக்காரர்கள், எல்லோரிடமும் மனுவை நீட்டினாள்.

"சும்மா நிக்கிற நேரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்ணா."

மூன்று மாதத்தில் அறுநூற்று நாற்பது கையெழுத்து சேர்ந்தது.

அதுவரை நூலகம் நெசவாளர் சங்கத்தின் பழைய குடோனில் இருந்தது. துணி பேல்களை வண்டியோடு உள்ளே இழுத்துப் போவதற்காக வைத்த அகலக் கதவு. வாசலில் படி கிடையாது. வெங்கடலட்சுமி தன் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு அலமாரி வரைக்கும் நேராகப் போய்விடுவாள். மதியம் ஒரு மணி நேரம் அவள் அப்பா பூத்தைப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. ஒரு புத்தகத்தை உருவி, நடுவில் பிரித்து, இரண்டு பக்கம் படித்து, பிடிக்காவிட்டால் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததை எடுப்பாள். கப்பல் பயணம், கொலை, எரிமலை, எதையும் விடமாட்டாள்.

தொண்ணூற்றாறில் சங்கம் குடோனைத் திரும்பக் கேட்டது. அதனால்தான் மனு. மனு நகர்ந்தது என்றால் அதற்கு பாலுசாமியும் ஒரு காரணம். ஊரில் தோட்டமும் நாற்பது தறியும் உள்ளவர். முன்சுவரில் தன் அப்பா பெயர் பொறித்த கல் வைப்பதென்றால் ரோட்டோரம் எட்டு சென்ட் இடம் தருகிறேன் என்றார். தந்தார்.

கட்டட வேலை பூத்துக்கு எதிரிலேயே நடந்தது. அஸ்திவாரம் தரைக்கு மேலே எழும்ப எழும்ப வெங்கடலட்சுமிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒருநாள் கொத்தனார் சின்னான் போன் பேச வந்தபோது கேட்டாள்.

"ஏனுங்ணா, இத்தன உசரம் எதுக்கு?"

"ரோடு வருசா வருசம் ஏறுதுங்களே அம்மணி. மழைத்தண்ணி உள்ள வந்துரக் கூடாதுன்னு இஞ்சினியரு சொல்லியிருக்காரு. முன்னாடி பார்வையா இருக்கோணும்னு பாலுசாமி ஐயாவும் சொன்னாருங்க."

பக்கவாட்டில் சாய்வாக ஏதாவது போடுவார்கள் என்று அவளே நினைத்துக்கொண்டாள். மனு முழுக்க அவள் கையெழுத்தில் இருக்கிறது. வாரம் ஐந்து நாள் நூலகத்துக்கு வருகிறவள் அவள். தன்னை எப்படி மறப்பார்கள்? வாய்விட்டுக் கேட்பதே அவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தாள். பின்னாளில் எல்லார் மேலும் வந்த கோபத்தைவிட இந்த நினைப்பின் மேல் வந்த கோபம்தான் அவளுக்கு அதிகம்.

திறப்பு விழாவன்று பார்த்தால் ஏழு படிகள். மொசைக் போட்டு, இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, அழகாகத்தான் இருந்தன. கீழே பந்தலில் அவளுக்கு முன்வரிசையில் இடம். மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். பாலுசாமியே படியிறங்கி வந்து பொன்னாடை போர்த்தினார்.

"உன்னாலதான் கண்ணு இந்த ஊருக்கு இந்தக் கட்டடம்."

ரிப்பன் வெட்டியதும் கூட்டம் மொத்தமும் மேலே ஏறியது. எல்லோரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுப் போனார்கள். பொன்னாடையோடு, இருநூறு ஜோடிச் செருப்புக்குப் பக்கத்தில் அவள் மட்டும் இருந்தாள். நாலைந்து ஆண்கள் திரும்பி வந்து, "வண்டியோட தூக்கிருவோமுங்க, அஞ்சு நிமிசம்" என்றார்கள். வேண்டாம் என்றாள். இன்றைக்குத் தூக்குவார்கள். புதன்கிழமை மதியம் யார் வருவார்கள்?

நூலகர் கந்தப்பன் நல்ல மனுஷர். அடுத்த நாளே பூத்துக்கு வந்தார்.

"என்ன புக்கு வேணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க அம்மணி. நானே கொண்டாந்து தாரேன்."

"என்ன வேணும்னு முன்னாடியே தெரிஞ்சா நான் எதுக்குங்க சார் லைப்ரரிக்கு வாரேன்?"

அவருக்கு அது புரியவில்லை. இருந்தாலும் தானே பார்த்து எடுத்துத் தவறாமல் கொண்டுவந்தார். பொறியல் வகைகள் ஐம்பது. விரத மகிமை. வீட்டிலிருந்தே கைத்தொழில். தன்னம்பிக்கை நூல்கள் மட்டும் பதினொன்று. ஒவ்வொன்றையும் மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். "எத்தன வேகமாப் படிக்கறீங்க!" என்று அவர் சந்தோஷப்பட்டார். அவளுக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுபடி மனு எழுத ஆரம்பித்தாள். ஊனமுற்றோருக்கென்று தில்லியில் சட்டம் வந்திருப்பதையும், பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்று அதில் இருப்பதையும் பேப்பரில் படித்திருந்தாள். அந்தத் துண்டையும் சேர்த்து அனுப்பினாள். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதினாள். மேல் அலுவலகத்துக்கு என்றார்கள். மேல் அலுவலகம், கட்டடப் பிரிவைக் கேட்கச் சொன்னது. கட்டடப் பிரிவு, நிதிநிலை இடம் கொடுக்கும்போது பரிசீலிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று அவளுக்கே சட்டத்தை எடுத்துக்காட்டியது.

அப்பாவோடு பஸ் ஏறிக் கோவைக்கு இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை, மறுவாழ்வு மையம் ஒன்றில் வெங்கடலட்சுமியை உட்காரவைத்துப் பேசிய பெண்மணி ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தாள். அதில் கணக்கு இருந்தது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஏழு படி மூன்றரை அடி உயரம். நாற்பத்திரண்டு அடி வேண்டும். அதையும் மனுவில் எழுதினாள்.

பத்து மாதம் கழித்து, தொண்ணூற்றெட்டு ஆனி மாதம், சின்னான் செங்கல்லோடு வந்து இறங்கினார். அவள் பூத்திலிருந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு விரைந்தாள். படிகளுக்குப் பக்கத்தில் நூல் கட்டியிருந்தது. பார்த்ததுமே தெரிந்தது.

"எத்தனை அடிங்ணா இது?"

"பத்துங்க."

"பத்தா? நாற்பத்திரெண்டு வேணுமுங்களே!"

சின்னான் கரண்டியைக் கீழே வைத்தார். "நானுஞ் சொன்னனுங்க அம்மணி. கேட் அங்கயே வந்துருது, இதுக்கு மேல எடமில்லீங்கறாங்க. முன் செவுத்தோரமாத் திருப்பலாம்னா பேருக் கல்லு மறையுமுன்னு ஐயா வேண்டாங்கறாரு. பேப்பர்ல போட்டதைத்தான நான் கட்டோணும்?"

பாலுசாமியிடம் போனாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்பா பேரு கண்ணு. அதை மறைச்சா அந்தக் கல்லுக்கு என்ன அர்த்தம்? உனக்கு எப்ப வேணும்னாலும் நம்ம ஆளுக ரெண்டு பேரை அனுப்பறேன். போன் பண்ணு, போதும். போன் உங்கிட்டயே இருக்குது!" தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

பத்து நாளில் சாய்தளம் முடிந்தது. முதல் நாள் மதியமே ஏறிப் பார்த்தாள். பாதி தூரம் வந்ததும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி பின்னால் ஓடி, கேட்டில் மோதிச் சாய்ந்தது. இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. ஒரு வாரம் ரிசீவரைப் பிடிக்கவே எரிந்தது. அந்த ஒரு வாரத்தில் சாய்தளம் டி.வி.எஸ். நிறுத்தும் இடமாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை கட்டடப் பிரிவிலிருந்து இன்ஜினியர் ரவிக்குமார் வந்தார். பீளமேட்டில் படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளைஞர். கழுத்தில் கேமரா. நேராகப் பூத்துக்கே வந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்கதான மனு போட்டது? ஒருக்கா மேல வந்து நின்னீங்கன்னா ஒரு போட்டோ எடுத்துக்குவேன். ஃபைல் முடிஞ்சுருமுங்க."

"நான் எப்படிங்க மேல வாரது?"

"ரெண்டு பேரு தள்ளிவிட்டா ஆச்சுங்களே."

"ரெண்டு பேரு இருந்தா படியிலயே தூக்கிட்டுப் போயிருப்பாங்களேங்க. இதை எதுக்குக் கட்டுனீங்க?"

அவர் கேமராவின் மூடியைக் கழற்றினார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. போட்டோ எடுத்துவிட்டால் காகிதத்தில் அவள் மேலே ஏறிவிட்டவள். அதற்கப்புறம் எந்த மனுவும் நகராது.

வண்டியைச் சாய்தளத்தின் அடிக்குக் கொண்டுபோனாள். இரண்டு கையாலும் ஊன்றி மண்ணில் இறங்கி உட்கார்ந்தாள்.

"சார், நீங்க ஏறிக் காட்டுங்க. ஏறிட்டீங்கன்னா நானும் போட்டோவுக்கு நிக்கிறேன்."

"என்னங்க மேடம், வெளையாடறீங்களா?"

"வெளையாட்டு இல்லீங்க. காலை மட்டும் கீழ ஊனக் கூடாது."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். கந்தப்பன் வாசலுக்கு வந்தார். "ஏறுங்க சார், பாக்கலாம்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ரவிக்குமாருக்கு முகம் சிவந்தது. கேமராவைத் தன்னோடு வந்திருந்த சின்னான் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நல்ல பலமுள்ள கைகள். நாலு அடி, ஐந்து அடி ஏறினார். பிறகு சக்கரம் எழும்பியது. "ஐயோ" என்றார். சின்னான் மட்டும் ஓடிப் போய்ப் பின்னால் முட்டுக் கொடுக்காவிட்டால் கேட்டில் போய் விழுந்திருப்பார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இஞ்சினியருக்கு நொண்டி வண்டி!" என்று ஒருவன் கத்தினான்.

மண்ணில் உட்கார்ந்திருந்த வெங்கடலட்சுமிக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. இவர்கள் சாய்தளத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளுடைய வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ரவிக்குமார் இறங்கி, பேண்டைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். பிறகு அவள் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எஸ்டிமேட்டுப் பணம் முடிஞ்சுபோச்சுங்க," என்றார் மெல்ல. "நாற்பத்திரெண்டு அடின்னு நீங்க எழுதியிருந்தப்ப ஆபீஸ்ல சிரிச்சுப்போட்டோம். ஏரோப்ளேன் ஓட்டறதுக்கான்னு."

"இப்ப?"

அவர் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போட்டோ எடுக்கவில்லை.

ஆறு மாதம் ஒரு தகவலும் இல்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கந்தப்பன் கேட்டு வந்து சொன்னார். இரண்டு மனு அனுப்பினாள். மூன்றாவதை எழுதிக் கிழித்துப்போட்டாள். நூலகத்தின் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகப் பூத்துக்குள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

தை கடைசியில் சின்னான் டேப்போடு வந்து நின்றார்.

"வண்டிய வெளிய கொண்டாங்க அம்மணி. நீளம், அகலம் எடுக்கோணும்."

"எதுக்குங்ணா?"

"போறதுக்கு முன்னாடி அந்தப் பையன் படம் போட்டுக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. இப்பத்தான் மேல இருந்து ஓகே ஆகி வந்துச்சு. பக்கத்துச் செவுத்தோரமாவே போயி, மூலைல திரும்பி, பின்னாடி ஸ்டோர் ரூம் கதவுக்கு. கல்லு மறையாது, ஐயாவும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது."

வண்டி அகலம் இரண்டே முக்கால் அடி. மூலையில் திரும்புவதற்கு எட்டடிச் சதுரம். சின்னான் செங்கல்லின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டார். வண்டியை ஒருவர் அளந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை மதியம் அவள் ஏறினாள். எளிதாக இல்லை. மூலையில் நின்று மூச்சு வாங்கினாள். கை வலித்தது. ஆனால் வண்டி பின்னால் போகவில்லை. மேலே போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

கந்தப்பன் முன்பக்கமாகச் சுற்றி ஓடி வந்தார். "அடடா, உள்ள பழைய பேப்பர் கட்டு அடுக்கியிருக்குதுங்க அம்மணி. நாளைக்கு ஆளை வெச்சு எடுத்துப்போடறேன். நாளைக்கு வாங்களேன்."

"நான் எறங்க மாட்டேனுங்க சார்."

"வெயிலு…"

"இருக்கட்டுமுங்க."

அவர் உள்ளே போனார். கட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களும் கை கொடுத்தார்கள் போலிருந்தது. முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தாள். கதவு திறந்தபோது கந்தப்பன் சட்டையெல்லாம் தூசி.

உள்ளே போனால் அலமாரிகள் நெருக்கமாக நின்றன. அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. வண்டி நுழையாது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"இந்த ராக்கை எப்ப சார் நகத்துவீங்க?"

"செவுத்தோட போல்ட்டுப் போட்டிருக்குதுங்களே. ஆபீசுக்குத்தான் எழுதோணும்."

"எழுதறேன்."

வண்டியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி உள்ளே நகர்ந்தாள். அவளுக்கு எட்டியது கீழ் இரண்டு தட்டுகள்தான். மேலே மூன்று தட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. கந்தப்பன், "எது வேணுமுங்க, நான் எடுத்து…" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு, மேசைக்குப் போய்விட்டார்.

ஒன்றை உருவினாள். நடுவில் பிரித்து இரண்டு பக்கம் படித்தாள். திரும்பச் செருகினாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பூத்தில் அப்பா காத்துக்கொண்டிருப்பார் என்பதே மறந்துபோயிற்று. கடைசியில் தீவு ஒன்றில் மாட்டிக்கொள்கிற வியாபாரியைப் பற்றிய கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

புத்தகம் நன்றாகவே இல்லை. பாதியில் வியாபாரி தன் சொந்த ஊரைப் பற்றி நாற்பது பக்கம் பேசினான். தானே எடுத்தது என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. இரண்டு நாளில் முழுக்கப் படித்து முடித்தாள்.