கிரேன் மேலிருந்து கூப்பிட ஒரு பெயர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு வார இதழுக்குத் துப்பறியும் கதை அனுப்பியிருந்தேன். "கதாநாயகன் பெயர் உத்தமனா? இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படி வில்லனை அடிப்பான்? மாற்றவும்" என்று திரும்பி வந்தது. மாற்றவில்லை. அவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, 1988-இல் ஆவடி குவார்ட்டர்ஸில் குடிவைத்து, கையில் ஒரு ஆண் குழந்தையைக் கொடுத்துவிட்டேன். பெயர்ப் பிரச்சினையை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று ஆவடியின் வானம் சாம்பல் பூத்து

(வேண்டாம். வானத்தில் ஆரம்பித்து நான் முடித்த கதை ஒன்றுகூட இல்லை.)

இரண்டாம் முயற்சி: உத்தமன் கூப்பிட்டால் யாரும் திரும்புவதில்லை.

இது தேவலை. பூந்தமல்லி பஸ்ஸில் அவன் "ஹோல்டான்" என்றால் கண்டக்டருக்குக் கேட்காது. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவான். தொழிற்சாலையில் அவன் சொல்லும் யோசனையைப் பக்கத்தில் நிற்பவன் உரக்கச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் தன் பெயர்தான் காரணம் என்று முப்பத்தோரு வயதில் முடிவு கட்டியிருந்தான். மகனுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்க வேண்டும். கையில் ஐந்து நாள்.

அவன் மனைவி வனஜாவோ குழந்தையை "அம்முக்குட்டி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளப் புள்ளைய இப்படியா கூப்பிடுறது?"

"பின்ன என்னங்க, சல்யூட் அடிச்சா கூப்பிடணும்?"

3

ஆண்மையான பெயர் என்றால் என்ன? இலக்கணமே ஆறு எழுத்தைத் தனியாக எடுத்து வல்லினம் என்று வைத்திருக்கிறது. உத்தமன் அவற்றை வளைத்து வளைத்துப் போட்டு 'தடகட்டபற்றன்' என்று ஒன்று தயாரித்தான். மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் வனஜா.

அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அவன் சோதிக்காமல் ஒரு திருகாணி வெளியே போகாது. மகன் பெயர் மட்டும் போய்விடுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டின் உச்சியில் கிரேன் ஓட்டும் திருமுல்லைவாயில் வேம்புலி, கூண்டிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கத்த வேண்டும். கீழே நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். எத்தனை தலை நிமிர்கிறதோ அத்தனை மதிப்பெண்.

கஜேந்திரன்: மூன்று தலை. மூவருமே கஜேந்திரன்கள். செல்லாது.

ரணசூரன்: ஒரு தலை. அதுவும் ஊறுகாய் கேட்க.

வஜ்ரவேல்: ஒரு பூனை.

அப்போது யாரோ விளையாட்டாக, "டேய், வேம்புலி!" என்று குரல் கொடுத்தான். நாற்பது பேரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். உத்தமன் அந்தப் பெயரை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

4

(வேம்புலிக்கு முதலில் முரட்டு மீசை வைத்திருந்தேன். நீங்கள் பெயரை விட்டுவிட்டு மீசைக்குப் பயப்படுவீர்கள் என்று இரண்டாம் பிரதியில் மழித்துவிட்டேன்.)

"வேம்புலியண்ணே, உங்க பேர என் பையனுக்கு வைக்கணும். என்னா கம்பீரம்!"

"கம்பீரமா? அண்ணாத்தே, அது எங்க அம்மன் பேரு. வேம்புலியம்மாளுக்கு நேந்துகினு பெத்தாங்கோ, வச்சாங்கோ. பொம்பள சாமிப்பா."

"அப்ப ஏன் நாப்பது பேரும் ஓடினாங்க?"

"தலைக்கு மேல என் கொக்கில நாலு டன்னு தொங்கினுகீது. கூப்ட்டு நான் திரும்புனா, தும்முனா, இன்னா ஆவும்? மேல கண்ணம்மா குந்திகினு இருந்தா, கண்ணம்மான்னாலும் ஓடுவானுங்கோ."

உத்தமன் நோட்டுப் புத்தகத்தை மூடினான். ஐந்து பக்கம் அடித்தாயிற்று. பயம் பெயரில் இல்லை, கொக்கியில் இருந்தது. மகனுக்குக் கிரேன் வாங்கிக் கொடுக்க அவனால் முடியுமா? எழுதுகிற எனக்கே பாவமாக இருந்தது.

5

என்னிடம் இருந்த முடிவுகள்:

அ) கஜேந்திரன் என்று வைக்கிறான். பையன் வளர்ந்து, கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறுகிறான்.

ஆ) வனஜா ஜெயிக்கிறாள். முப்பது வருஷம் கழித்து, "அம்மு அண்ணன் வர்றாரு" என்றால் அம்பத்தூரே எழுந்து

(எனக்குப் பிடித்திருந்தது. உத்தமன் ஒத்துக்கொள்ளவில்லை.)

6

ஞாயிற்றுக்கிழமை. வீடு நிறையக் கூட்டம். குழந்தை வீறிட்டு அழுதது. "அழவுடாதீங்கோ!" என்று வேம்புலி அதட்ட, இன்னும் அழுதது. உத்தமன் தொட்டிலருகே நின்று, ஷெட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினான்.

வேம்புலியின் மனைவி அங்கம்மா தடுத்தாள். "இன்னாண்ணா கத்தப் போறியா? காதாண்ட மெல்லமா மூணு தபா சொல்லணும். கொயந்த பயந்துக்கும்ல?"

உத்தமன் திகைத்துப் போனான். ஐந்து நாளாகக் கத்தவிட்டுக் கத்தவிட்டுச் சோதித்தவனுக்கு, பெயரை முதன்முதலில் காதோரம்தான் சொல்வார்கள் என்பது மறந்தே போயிருந்தது. எந்தச் சூரன் பெயரும் அங்கே வெறும் மூச்சுக்காற்றுதான். மெல்லச் சொல்வது ஒன்றுதான் அவனுக்குப் பிறவியிலேயே வந்த வேலை.

குனிந்தான். ஒருமுறை சொன்னான். அழுகை நின்றது. இரண்டாம் முறை, குழந்தையின் கண் எதையோ தேடியது. மூன்றாம் முறை, தலையை முழுசாகத் திருப்பி அப்பாவைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, உத்தமன் கூப்பிட்டு ஒருத்தன் திரும்பினான். அவன் அழுதுவிட்டான். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதான்.

என்ன பெயர் என்கிறீர்களா? நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன், கேட்கவில்லை. வனஜாவுக்குக் கேட்டிருக்கிறது. சிரிக்கிறாளே தவிர, எழுதியவன் என்ற மரியாதைக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். வேண்டுமானால் நீங்களே உள்ளே போய்த் தொட்டில் பக்கம் கேட்டுப் பாருங்கள். மெல்லப் போங்கள், இப்போதுதான் தூங்கினான்.