மூலைத் தொட்டியின் புகையிலைச் செடி

விடிந்ததும் தேநீரைக்கூடத் தொடாமல், காட்டுப் புகையிலைச் செடிகளின் வேர்நுனிகளைக் கத்தரித்தெடுப்பது அந்த ஆராய்ச்சியாளரின் வழக்கம். செல்கள் பிரியும் அந்த வேளையில்தான் குரோமோசோம்களை எண்ண முடியும். உடன் பணிபுரியும் அவள் கணவரோ, பூவின் வடிவத்தைப் பார்த்தே எந்தச் செடி எந்த இனம் என்று சொல்பவர்.

முந்தைய நாள் எடுத்த நுனியை அன்று நுண்ணோக்கியில் பார்த்தவள் திகைத்தாள். மூலைத் தொட்டிச் செடியில், பக்கத்துச் செடியில் இருப்பதைப்போல் இருமடங்கு குரோமோசோம்கள் இருந்தன. அப்படியானால் அது இரண்டு இனங்கள் கலந்து, இரண்டின் குரோமோசோம்களையும் சேர்த்துப் பெற்ற வாரிசாகத்தான் இருக்க வேண்டும்.

“மூலைத் தொட்டி எங்கங்க?”

“அதுவா? பக்கத்துச் செடியோட பூவேதான். இடத்தை அடைக்குதேன்னு நேத்து சாயங்காலம் தொட்டியோட தூக்கிப் போட்டேன். குப்பை வண்டியும் போயிடுச்சு.”

“குயில் முட்டையைக் காக்கா தெரியாம அடையாவது காத்துச்சு. நீங்க தூக்கியே எறிஞ்சுட்டீங்க. நம்மகிட்ட இருந்ததே அது ஒண்ணுதாங்க.”

நுண்ணோக்கியில் வைத்த அந்த ஒற்றைக் கண்ணாடித் தகட்டை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் யார் ஏற்பார்கள்? மறுபடி எண்ணிக் காட்டச் செடி இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

அவர் தொட்டி இருந்த இடத்தில் மண்டியிட்டு, விதை ஏதும் உதிர்ந்திருக்குமோ என்று தூசியைத் தூரிகையால் கூட்டியெடுத்து ஈரமண்ணில் தூவினார்.

“முளைக்குமா?”

“தெரியல. முளைக்கிற வரைக்கும் தண்ணி நான் ஊத்தறேன்.”