வாசலில் இருந்த பூட்ஸ்

எமரிக்கு எங்கள் டேவா மொழி புரிகிறது என்று முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். சொன்னதும் வீடே சிரித்தது. எமரி பக்கத்து ஹோப்பி இனத்து ஆள், என் தங்கை லொரீனின் புருஷன். ஹோப்பிகளுக்காக எங்கள் முன்னோர் இந்த மேட்டுக்கு வந்து சண்டை போட்டார்கள். ஹோப்பிகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அதனால் எங்கள் முன்னோர் ஒரு சாபம் இட்டார்கள்: அவர்கள் பேச்சு எங்களுக்கு வரும், எங்கள் பேச்சு அவர்களுக்கு என்றைக்கும் வராது. அதை நம்பி அவன் முன்னால் எதையும் பேசுவோம், அவன் பெரிய மூக்கைப் பற்றிக்கூட.

ஊற்றுப் பக்கத்துச் சோளக்கொல்லையை என் மகளுக்குக் கொடுப்பது என்று வீட்டுக்குள் டேவாவில்தான் பேசினோம். மறுவாரமே அந்தப் பேச்சு அவன் அம்மா வீட்டில் அடிபட்டது. கல்லுக்கா காது முளைத்தது? பிறகு அவனையே கவனித்தேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தாய்மாமா வேடிக்கைக் கதை சொல்லும்போது, சிரிப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்பே எமரியின் கரண்டி நின்றுவிடும்.

எங்களிடம் வீடு பெண்களுடையது; புருஷன்தான் அங்கே வந்து இருப்பான். புருஷனின் சாமான் வாசலுக்கு வெளியே போனால் உறவு முடிந்தது. எல்லோரும் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், குரலை மாற்றாமல் டேவாவில் தங்கையிடம் சொன்னேன்:

"கொல்லை விஷயத்த ஒம் புருஷன்தான் சொல்லியிருக்கான். காலையில அவன் பூட்ஸை வெளிய வைக்கப்போறேன்."

லொரீன் முகம் வெளுத்தது. எமரியின் விரல்கள் நிற்கவே இல்லை. கேட்டும் கேட்காததுபோல் நடிக்கும் கள்ளன் என்று முடிவுகட்டினேன்.

விடிந்து பார்த்தால் பூட்ஸ் வாசலில் இருந்தது. நான் வைக்கவில்லை. எமரி பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். லொரீன் உள்ளே அழுதாள். அவன் டேவாவில் பேசினான், அப்படியே எங்கள் வீட்டு இழுவையோடு.

"உங்களுக்கு வேலை வைக்க வேணாம்னு நானே வெச்சேன், அக்கா. ஆனா கொல்லை விஷயம் நான் சொல்லல. என் மூக்கைப் பத்தி நீங்க பேசுனதையே எங்கயும் சொன்னதில்லையே."

"அப்ப யாரு?"

"தெரியும். அதையும் சொல்ல மாட்டேன்."

பூட்ஸை நானே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அன்று சாப்பிடும்போது எமரி மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டான். மற்ற நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.