மக்தலேனாவுக்கும் ஸுலைஹாவுக்கும் ஒரே பிறந்தநாள்

தில்லையடி வாசிகசாலைக்குப் பொறுப்பாக வந்த நஸீர் அக்கரைப்பற்றுக்காரர். வந்த முதல் வருடமே ஒரு வேலையைத் தொடங்கினார். புத்தளம் மாவட்டத்தில் எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், வரைகிறவர்கள் யார் யாரென்று தேடிப்பிடித்து, ஒவ்வொருவருடைய பிறந்தநாளன்றும் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார். அவரை அறிந்த ஒருவர் அவரது வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார். முடிவில் எல்லோருக்கும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் தேத்தண்ணியும். செத்த பிறகு மாலை போடுவதைவிட இருக்கும்போது வட்டிலப்பம் கொடுப்பது மேல் என்பது நஸீருடைய கொள்கை. கற்பிட்டிக் கவிஞர் ஒருவர் தன் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த மாசமும் பிறக்க ஏலுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் மாதத்துக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பள்ளிவாசல்துறை மக்தலேனா. மீன்பிடிக் குடும்பம். கோயில் திருநாளுக்கு மேடையேறும் நாடகங்களை எழுதுகிறவர். பாட்டுக் கட்டுவதும் நடிக்கிறவர்களைப் பழக்குவதும் அவரேதான். மற்றவர் தில்லையடியிலேயே இருக்கும் சித்தி ஸுலைஹா. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கே சித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் மார்ச் பதினோராம் திகதிதான் பிறந்தநாள் என்று தெரிந்ததும் நஸீருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரே கூட்டமாக வைத்துவிடலாம் என்று தீர்மானித்து, "இன்னொரு கலைஞரும் வாறாங்க" என்று மட்டும் இருவருக்கும் போனில் சொன்னார்.

இந்த இரண்டு பெண்களும் ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அந்த வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த மறுவருடம் நடந்த சங்கதி அது. அப்போது இருவரும் நல்ல சிநேகிதம். மக்தலேனா எழுதிய நாடகத்தில் ஓர் இளவரசி தன் நாட்டை விட்டுக் கப்பலேறுவாள். துறைமுகத்தில் நின்று அவள் பாடும் பாட்டுக்காக மக்தலேனா மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிக்குப் பின்திரை வரைந்து தரும்படி ஸுலைஹாவைக் கேட்டார். திருநாளன்று கோயில் முற்றத்தில் சனம் நிறைந்திருக்க, திரை விரிந்தது. அதில் இருந்தது இளவரசியின் துறைமுகம் அல்ல, பள்ளிவாசல்துறைக் கரை. அதே மணல், அதே வள்ளங்கள். நடுவில் ஒரு வள்ளத்தில், துடுப்பின் நுனியில் கட்டிய, இடுப்பில் உடுத்தும் சிவப்புச் சாரம் ஒன்று காற்றில் பறந்தது.

ஊரில் சாரத்தைக் கொடியாகக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் மக்தலேனாவின் புருசன் மரியநாயகம்.

"அட, நம்மட ஆள்ட சாரம்!" என்று யாரோ கத்தினார்கள். முற்றம் முழுக்கச் சிரித்தது. அழுகைப் பாட்டின் நடுவில் நின்ற இளவரசியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாடகம் அதோடு குழம்பிப் போயிற்று. மக்தலேனா ஒலிவாங்கியைப் பிடுங்கி, "அந்தத் திரையைச் சுருட்டுங்க! வரையத் தெரியாத ஆள்ட கையில குடுத்தது என்ட பிழை!" என்றார். முன்வரிசையில் இருந்த ஸுலைஹா எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கோயில் பக்கம் வரவேயில்லை.

மார்ச் பதினோராம் திகதி பின்னேரம் மக்தலேனாவும் மரியநாயகமும் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசிகசாலைக்கு நடந்து வந்தார்கள். வாசலில் கட்டியிருந்த பதாகையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மக்தலேனா நின்றுவிட்டார்.

"வாங்க, திரும்பிப் போவம்."

மரியநாயகம் மூக்கை உயர்த்தி மணம் பிடித்தார். "வட்டிலப்பம் செஞ்சிரிக்காங்க. சாப்பிட்டுப் போட்டுப் போவமே."

அதற்குள் நஸீர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே கூட்டிப் போய்விட்டார். மேடையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் ஏற்கெனவே ஸுலைஹா இருந்தார். மக்தலேனா மற்றதில் உட்கார்ந்து, கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸுலைஹா தன்னுடையதைக் கதவுப் பக்கம் திருப்பினார். வைபவப் படம் எடுக்க வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவை இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து நஸீருக்கு ஒரு போன் வந்தது. இருவரைப் பற்றியும் பேச வரவிருந்த விரிவுரையாளருக்குக் காய்ச்சலாம், வரமாட்டாராம். நஸீர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"ஸுலைஹா டீச்சரப் பத்திப் பேச அவங்கட்ட படிச்ச ஆக்கள் நிறையப் பேர் இஞ்ச இரிக்கீங்க. மக்தலேனா அக்காட நாடகத்தப் பத்திப் பேச யாராவது இரிக்கீங்களா?"

ஒருவரும் எழவில்லை. தில்லையடிச் சனத்தில் ஸுலைஹாவைத் தவிர யாரும் பள்ளிவாசல்துறைக்குப் போய் நாடகம் பார்த்ததில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்திருந்த மக்தலேனாவின் தலை மெல்லத் தாழ்ந்தது. இத்தனை வருடம் எழுதியும் பேச ஓர் ஆளில்லை.

ஸுலைஹா அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்து ஒலிவாங்கிக்கு முன்னால் போனார்.

"நான் பேசுறன். ஆறு வருசத்துக்கு முந்தி வரைக்கும் இவ எழுதின நாடகம் எல்லாம் பாத்த ஆள் நான். ஒண்டில மீன்காரி ஒருத்தி அரசனோட வாய் குடுப்பா. அரசன் ஒரு கேள்வி கேட்டா அவ ஒம்பது கேப்பா. கடைசியில அரசன் கிரீடத்தக் கழட்டி அவட கூடையில வச்சிட்டுப் போயிருவான். அண்டைக்கு நான் சிரிச்ச சிரிப்பில என்ட கையிலிருந்த கடலை முழுக்கப் பக்கத்தில இருந்த சிஸ்டர்ட மடியில கொட்டுப்பட்டுச்சு."

சபை சிரித்தது. மக்தலேனா கதிரையைக் கொஞ்சம் திருப்பினார்.

"ஆனா அந்த இளவரசிட பாட்டை இவ எனக்குப் பாடிக் காட்டின அண்டைக்கு நான் வீட்ட போய் அழுதன்," என்றார் ஸுலைஹா. "நானும் ஒரு கரையை விட்டுப்போட்டு வள்ளத்தில ஏறினவள்தானே. அந்தக் கரையை வரைய உக்காந்தா கை ஓடல்ல. விட்ட கரையை வரைய ஏலாட்டி, வந்த கரையை வரைவம் எண்டு வரைஞ்சன். நாங்க வந்த அண்டைக்குக் கடல் வத்து, தண்ணி இறங்கிக் கிடந்திச்சு. எங்கால வள்ளத்தை விடுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல. உம்மா, சாகப் போறம் எண்டு கலிமாச் சொல்லத் தொடங்கிட்டா. அப்ப கரையில ஒரு மனுசன் வள்ளத்தில ஏறி நிண்டு, துடுப்பில ஒரு சிவப்புச் சாரத்தைக் கட்டி, இஞ்சால வாங்க, இஞ்சால வாங்க எண்டு ஆட்டினார். அதைப் பாத்துத்தான் கரை சேந்தம். அந்த ஆள் யாரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அண்டைக்குச் சனம் ஏன் சிரிச்சதெண்டும் தெரியாது."

பின்வரிசையில் மரியநாயகம் எழுந்து நின்றார். பத்துப் பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், அது நான்தான். நீங்களும் அந்த வள்ளங்கள்ல வந்ததெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். வள்ளங்கள் தடுமாறுறதப் பாத்தன். கொடி பிடிக்க ஒண்டுமில்ல. இடுப்பில இருந்தத அவிழ்த்துக் கட்டினன்."

"அப்ப இடுப்பில?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

"உள்ளுக்குக் களிசான் இருந்திச்சு, அண்ணன்."

வாசிகசாலையின் தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். மரியநாயகமும் சிரித்துக்கொண்டே, "அண்டைக்கு அத்தின சனம் பத்திரமா வந்து சேந்ததால, பொறகு எப்பவும் துடுப்பில சாரம் கட்டித்தான் கடலுக்குப் போறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஸுலைஹா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார்.

மக்தலேனா எழுந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இதை ஏன் நீ எனக்குச் சொல்லல்ல?"

"நீ கேட்டியா? மைக்கப் பிடிச்சுக் கத்தினாய்."

"மைக்கப் பிடிச்சா எனக்கு வாய் நீளும் எண்டு உனக்குத் தெரியும்தானே."

"இப்பயும் மைக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாய்."

மக்தலேனா கையிலிருந்ததைப் பார்த்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, ஸுலைஹாவின் காதுக்குக் கிட்டப் போய் ஏதோ சொன்னார். அது சபைக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நஸீருக்கும் கேட்கவில்லை. ஸுலைஹா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, மக்தலேனாவின் தோளில் ஓர் அடி போட்டதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். படம் எடுக்கிறவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு மக்தலேனா, ஒலிவாங்கி இல்லாமலே, இளவரசியின் பாட்டைத் தொடக்கத்திலிருந்து பாடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னாரிலிருந்து வந்த சனம்தான் சபையில் பாதி. பாட்டு முடிந்ததும் கைதட்டத் தொடங்கியவர்கள் நிறுத்தவேயில்லை.

ஸுலைஹாவிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பேச, வட்டிலப்பம் பரிமாறிச் சட்டி காலியாக, பள்ளிவாசல்துறைப் பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டது. ஸுலைஹா தன் மருமகனுடைய திரீவீலரை வரவழைத்தார். "நானும் வாறன். உங்கட கரையை ஒருக்காப் பாத்துப்போட்டு வருவம்" என்று தானும் ஏறினார்.

"அடுத்த நாடகத்துக்கு என்ன யோசிச்சிரிக்காய்?" என்று வண்டி கிளம்புமுன்பே கேட்டார்.

"ரெண்டு சகோதரிகள்ட கதை. மூத்தவ செத்துப் போவா."

"எல்லா நாடகத்திலயும் ஏன் ஒரு ஆளைக் கொல்லுறாய்? இருக்கட்டும் விடு."

"அழுகை இல்லாத நாடகத்துக்கு யார் வருவா?"

"நான் வருவன்."

முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் மரியநாயகம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வண்டி உப்பளங்களைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த மூத்த சகோதரி சாவதா பிழைப்பதா என்று இரண்டு பேரும் உரத்த குரலில் சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்கள்.