கடல் கிரேனுக்குப் பூசை

நடுக்கடலில் கப்பல் மேல் நின்று சரக்குத் தூக்கிய கிரேன் அது. வயசாகிவிட்டதென்று தூத்துக்குடியில் கழற்றிப் போட்டதை, போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்ட முதலாளி வாங்கிவந்து, கீழேயிருந்து மூட்டை தூக்கப் பள்ளத்து விளிம்பில் நட்டுவிட்டார். எட்டு வருஷமாக அதைக் கையால் சுற்றியவன் ராக்கையா. தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது அடங்காது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அதற்கு டீசல் எஞ்சின் பூட்டினார்கள். துறைமுகத்து ஃபிட்டர் தானியேல் வந்து, மூட்டையைப் பிடித்து நிறுத்தும் பழைய பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கம்பிவடம் சுற்றும் உருளையை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்குப் பட்டையை மாட்டினான். ஆயுத பூசைக்கு முந்தின நாள் போடிக்கு இறங்கிப் போனான். திரும்பி வந்ததும் சோதனை. தேறினால் அவனுக்குத் தோட்டத்திலேயே நிரந்தர வேலை என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

சோதனையன்று கம்பிவடத்தில் தொங்கும் தட்டு கல் மூட்டையோடு பாதி உயரம் வந்தது. ராக்கையா பிரேக்கை அழுத்தினான். ஒரு கணம் நின்ற தட்டு, கம்பிவடம் சர்ரென்று ஓட, பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, கீழே ஆளில்லை.

“கடல்ல கிழிச்சதெல்லாம் இங்க செல்லாதுப்பா. மத்தியான ஜீப்புல எறங்கிரு,” என்று தானியேலிடம் சொன்னார் முதலாளி.

தானியேல், தான் மாட்டிய பட்டையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராக்கையா உருளையைத் தொட்டுப் பார்த்தான்; விரலெல்லாம் எண்ணெய். பூசையன்று கிரேனைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, வருஷா வருஷம் பல்சக்கரத்துக்குத் தடவுகிற நல்லெண்ணெயைப் புது உருளைக்கும் வழிய வழியத் தடவியது அவன்தான். சொன்னால் கிரேன் கையைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் எவனுக்கும் தெரியப்போவதில்லை. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

துண்டால் உருளையைத் துடைத்து விரித்துக் காட்டினான். “பட்டை மேல தப்பில்ல மொதலாளி. எண்ணெ போட்டு வழுக்க விட்டவன் நான்.”

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியதும் அடுத்த லோடு அந்தரத்தில் அசையாமல் நின்றது. தானியேலுக்கு வேலை நிலைத்தது. ராக்கையாவைப் பள்ளத்தில் மூட்டை சுமக்க அனுப்பினார் முதலாளி.

மறுவருஷம் ஆயுத பூசைக்கு, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரனான தானியேல் பள்ளத்தில் இறங்கி வந்து அவனைக் கூப்பிட்டான். “வாங்கண்ணே, நீங்க பொட்டு வைக்காம எஞ்சினத் தொடமாட்டேன்.”

ராக்கையா ஒவ்வொரு பாகமாகப் பொட்டு வைத்து வந்தான். பிரேக்கிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

“இதுக்கு?” என்றான் தானியேல்.

“கும்பிடு மட்டும் போதும்,” என்று ராக்கையா கண் கலங்கக் கைகூப்பினான்.